யாரும் கேட்காத ஞாயிற்றுக்கிழமை

சுங்கை பினாங்,
பினாங்கு.

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஞாயிறன்று எங்கள் விடுதிக் காவலாளியிடம், "கோயிலுக்குப் போயிட்டு ஆறு மணிக்குள்ள வந்துரட்டுமாண்ணே?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, இந்த ஊர் வழக்கப்படி 'லா' சேர்த்துச் சொன்னார். "இன்னிக்கு லீவு லா, தங்கச்சி. எங்க வேணும்னாலும் போ. என்கிட்ட ஏன் கேக்குற?"

கூட வேலை செய்யும் பிரமிளா, சுதந்திரம் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலைப் போனில் காட்டினாள். எனக்குக் குழப்பம்தான் மிச்சம். அங்கே நம் ஊரில் தெருமுனைக்குப் போகவும் உங்களைக் கேட்க வேண்டும். பாஸ்போர்ட் என் பெட்டியில் இருந்தது. இங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் இருக்கிறது. பத்திரமாகத்தான் இருக்கிறது, பயப்படாதீர்கள். இதில் எதுப்பா சுதந்திரம்?

நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அடுத்த முறை போனில், "எங்கே போயிருந்தாய்?" என்று ஒருதரம் அதட்டிக் கேளுங்கள்.

உங்கள் மகள்,
வசந்தமணி