கிணற்றுப் பாட்டின் பாதி

அன்புள்ள அம்மாவுக்கு,

லீபான் ஸலாம் சொல்லி எழுதுவது. முட்டி வலி எப்படி? ஆடுகளுக்குத் தண்ணீர் இறைக்க நீயே போகாதே. ஹர்கெய்சாவில் என் வேலை நிலைத்துவிட்டது, பழைய சோமாலிப் பாட்டு கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். படிப்பை விட்டவன் உருப்பட மாட்டான் என்று சொன்ன அப்பாவிடம் இதைச் சொல்.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. போரின்போது மண்ணில் புதைத்த கேசட் பெட்டி ஒன்று வந்தது. ஒரு கேசட்டில் ஓர் ஆள் கிணற்றுப் பாட்டு பாடுகிறான். ஓர் அடி பாடுவான், பிறகு ஓர் அடிக்கு மௌனம். நீ இறைக்கும்போது பாடும் அடிகள் அந்த மௌனத்தில் அப்படியே பொருந்தின. நீ நடுவில் நிறுத்துவது மூச்சு வாங்க என்று நினைத்திருந்தேன். என்னையறியாமல் உன் அடிகளைப் பாடிவிட்டேன். கேசட்டில் அவன் சிரித்தான்.

"இவ்ளோ மெதுவாவா? இழு தங்கச்சி, இழு!"

பக்கத்து மேஜை ஸம்ஸம் அக்கா திரும்பினாள்.

"யாருடா சிரிச்சது?"

"கேசட்டுதான்க்கா."

"நல்லாயிருக்கு! பாடினவன் பேரு என்ன? பேரில்லாத பாட்ட ஏத்த மாட்டோம். வியாழனுக்குள்ள தெரியலன்னா திரும்பப் பெட்டியில போட்டுடு."

மறுபடி ஓட்டினேன், பாடவில்லை. அவன் சிரிக்கவில்லை. மௌனம்தான் முன்பைவிட நீண்டது.

பஸ் டிரைவரிடம் நெய்யில் போட்ட ஒட்டகக் கறி கொஞ்சம் கொடுத்தனுப்பு. போர்வையும் அனுப்பு, இந்த அறை குளிர்கிறது. உனக்கு ஓர் அண்ணன் இருந்ததாக நீ சொன்னதேயில்லை. வியாழனுக்குள் அவர் பெயரைச் சொல். இல்லையென்றால் போன் செய், கேசட் பக்கத்தில் வைக்கிறேன், நீயே பாடு.

அவசரம், அம்மா. அவர் தன் அடியை முடித்துவிட்டு நிற்கிறார்.

உன் மகன்,
லீபான்