சிரிப்பை வெட்டுன பேட்டி

நிரோஷினி,

வெள்ளக்காரன் காலத்து யுத்தத்துல நம்ம தோட்டத்து மலையில பிளேன் விழுந்ததப் பத்தி, பத்திநாதன் தாத்தாகிட்ட நீ எடுத்த பேட்டிய இணையக் காப்பகத்துக்கு அனுப்பிட்டேன். நேர்ல பாத்தவரு குரல் கெடச்சதுல அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம்.

சாட்சி சொல்றவங்க குரல் மட்டுந்தான் இருக்கணுமாம். கேள்வி கேக்குறவங்க குரல வெட்டிரணுமாம்.

"சத்தத்துக்குப் பயந்தீங்களா தாத்தா?"ன்னு கேட்டியே.

"பயமா? எங்க கங்காணி போடுற சத்தத்தவிட கம்மிதான் புள்ள."

மூச்சு முட்ட சிரிச்ச. அவரு பேச்சு மேலயே ஒன் சிரிப்பு ஏறிருச்சு. பிரிக்க முடியாதுன்னு சொல்லிரலாம்னு நெனச்சேன். சாப்ட்வேர் ஒரு நிமிஷத்துல பிரிச்சிருச்சு.

ஒங்கம்மா இன்னைக்கு ஒன் கல்லறைக்குப் பூ வைக்கப் போனாங்க. என்னையும் கூப்டாங்க. வேல இருக்குன்னேன்.

காப்பகத்துல இப்ப யார் வேணாலும் கேக்கலாம். தாத்தா அந்தப் பகிடிய சொல்றாரு. யாரும் சிரிக்கல. கொஞ்ச நேரம் பாத்துட்டு அடுத்த கதைக்குப் போயிர்றாரு.

ஒன் சிரிப்பு மட்டும் தனியா வந்து நிக்குது. என்ன பேர்ல சேவ் பண்றதுன்னு கம்ப்யூட்டர் கேக்குது. ஒன் பேர அடிக்கக் கை வரல. அழிக்கவும் வரல. அப்பிடியே தொறந்து கெடக்கு.

ஒன் வீட்டுக்காரன்