விளிம்பில் இருந்த கரி

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமாகத்தான் இருப்பாய். போன வாரப் பத்திரிகையில் படம் பார்த்தேன், கன்னம் இரண்டும் நன்றாக உப்பியிருக்கிறது. எனக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. நலம் விசாரிப்பு இதோடு முடிந்தது.

செவ்வாய்க்கிழமை உன் டிரைவர் கொண்டுவந்த தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதில் நான் கையெழுத்துப் போடவில்லை. பேனா கிடைக்கவில்லையோ, புரியவில்லையோ என்று நினைத்துக்கொள்ளாதே. மூன்று தடவை படித்தேன். பழைய ஊர் புதைந்துகிடந்த மேட்டில் தோண்டியெடுத்த பானை ஓடுகள் அனைத்தும் வெறும் தண்ணீரில், மென்மையான தூரிகையால் மட்டுமே கழுவப்பட்டன என்று நான் உறுதி சொல்வதாக நீயே எழுதி, கீழே கோடு போட்டு, கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறியும் போட்டிருக்கிறாய். எந்த இடத்தில் கையெழுத்துப் போடுவது என்றுகூட எனக்குத் தெரியாது என்பது உன் நினைப்பு.

அந்த ஓடுகளை எப்படிக் கழுவினேன் என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி நான். இன்னொருவன் இப்போது மறந்துவிட்டான், அதனால் நினைவுபடுத்துகிறேன்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், மேட்டின் தெற்கு வரிசை வீடுகளிலிருந்து கூடை கூடையாக ஓடுகள் கொட்டகைக்கு வந்தன. முதல் கூடையைத் தொட்டியில் முக்கி எடுத்ததுமே உன்னைக் கூப்பிட்டேன். ஓட்டின் முகத்தில் மட்டுமில்லை, உடைந்த விளிம்பிலும் கரி ஏறியிருக்கிறது, பார் என்றேன். முழுப் பானை தீயில் வெந்து பிறகு உடைந்தால் விளிம்பு சுத்தமாக இருக்கும். விளிம்பிலேயே கரி இருந்தால், தீ வருவதற்கு முன்பே அது உடைந்து கிடந்த பானை. அடுப்படியில் நின்ற எவளுக்கும் இது தெரியும், பட்டம் வேண்டாம். நீயும் வாங்கிப் பார்த்தாய், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு சொன்னாய்: "விளிம்புல கரி இருந்தா பசை புடிக்காதுக்கா. நல்லா தேய்ச்சிடு. வியாழக்கிழமை போட்டோ எடுக்க ஆளுங்க வர்றாங்க." கம்பி பிரஷ்ஷும் பாத்திரம் தேய்க்கிற பொடியும் நீதான் வாங்கி வந்தாய். நான் நாலு நாள் தேய்த்தேன். வியாழக்கிழமை பானைகள் முழுசாக நின்றன. நீ அவற்றின் பக்கத்தில் நின்றாய்.

அதோடு விட்டிருக்கலாம். போன வருஷம் வந்த உன் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறாய்? ஓடுகளின் விளிம்புகளில் கரியின் தடமே இல்லையாம். ஆகவே பானைகள் அடுப்பில் இருக்கும்போதே எதிரிகள் தீ வைத்தார்களாம், கூரை சரிந்து அவை நொறுங்கினவாம், ஒரே பகலில் ஒரு யுகம் முடிந்ததாம். அந்த யுகத்தை முடித்தது என் பிரஷ், தம்பி.

நீ காலேஜ் முடித்துத் தூக்கிப் போட்ட பாடப் புத்தகங்களை, ஓடு காய்கிற நேரத்தில் படித்துத்தான் நான் சரித்திரம் கற்றுக்கொண்டேன். அவற்றில் எல்லா நகரமும் ஒரு தேதியில் விழும். இந்த அரசன் வந்தான், அந்த மதில் இடிந்தது. தேதி இருந்தால் பரீட்சையில் கேள்வி கேட்க வசதி. நம் மேட்டுக்கு அப்படி ஒரு தேதி இல்லை என்பதுதான் உன் குறை. ஒவ்வொரு வாசலிலும் கதவு சுழல்கிற குழிக்கல் இருந்தது, எரிந்த கதவின் ஒரு துண்டு இருந்ததா? கதவைக் கழற்றி எடுத்துப் போயிருக்கிறார்கள். எதிரி துரத்துகிறபோது எவனாவது கதவைக் கழற்றுவானா? நல்ல அரைக்கும் கல் ஒன்றுகூட இல்லை, விரிசல் விட்டவை மட்டும் கிடந்தன. சாம்பலுக்கு அடியில் நாலு விரல் கனத்துக்குக் காற்று கொட்டிய புழுதி. அந்தப் புழுதியில் ஆந்தை கக்கிய உருண்டைகள், உள்ளே எலி எலும்பு. ஆள் புழங்குகிற வீட்டுக்குள் ஆந்தை குடியிருக்காது. ஆறு விலகிப் போயிற்று, அவர்களும் ஒவ்வொரு வீடாகக் காலி செய்துகொண்டு போனார்கள். வெகுகாலம் கழித்துத்தான் காலி ஊரில் தீப் பிடித்தது. இதை நான் சொன்னபோது நீ சிரித்தாய். "வீடு காலி பண்ணினதை எல்லாம் சரித்திரம்னு எழுதினா யாரு அக்கா படிப்பாங்க?" என்றாய். படிக்க மாட்டார்கள்தான். அதற்காக இல்லாத எதிரியைக் கூட்டி வந்து ஊரைக் கொளுத்துவாயா?

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எல்லோருக்கும் நன்றி சொல்லியிருக்கிறாய். படம் வரைந்தவர், தட்டச்சு செய்தவர், உனக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுத்த டாக்டர். அப்புறம், "பெயர் அறியாத கொட்டகைப் பணியாளர்கள்". கொட்டகையில் பணியாளர்கள் என்று யார் இருந்தது? நானும் ஒரு தண்ணீர்த் தொட்டியும். தோண்டுகிற ஆட்களுக்குத் தலைவனாக இருந்தானே, கடப்பாரை என்று நாம் கூப்பிடுவோமே, அவன் அதைப் படித்துவிட்டு வேலைவெட்டி இல்லாமல் இவ்வளவு தூரம் வந்தான். "உன் தம்பி ஊரைக் கொளுத்திட்டான், உன்னைக் கைகழுவிட்டான், நீ இன்னும் ஓட்டைக் கழுவிட்டு இருக்கே," என்று சொல்லிவிட்டு ஒரு டம்ளர் டீயும் குடித்துவிட்டுப் போனான்.

உன் மனைவி தொலைபேசியில் அழுதாள். "ஒரு கையெழுத்துதானே அண்ணி. அந்த வெளிநாட்டுப் பேராசிரியை புத்தகத்தைப் படிச்சிட்டு, ஓட்டை எப்படிக் கழுவினீங்கன்னு கேள்வி மேல கேள்வி கேக்குறாங்க. நீங்க போடலைன்னா அவரோட முப்பது வருஷம் போயிடும். புது மியூசியத்தை வேற அவர் கையில குடுக்கப் போற நேரம்." அவள் பாவம், அவளைத் திட்ட மாட்டேன். ஆனால் அந்தப் பேராசிரியை உனக்கு எழுதியது போலவே எனக்கும் எழுதியிருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. ஓடு கழுவியது யார் என்று உன் அலுவலகத்தில் கேட்டு என் விலாசம் வாங்கியிருக்கிறாள். அங்கே யாரோ ஒருவருக்கு என் பெயர் தெரிந்திருக்கிறது.

இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு அவள் கொட்டகைக்கு வருகிறாள். வரச் சொல்லி நான்தான் பதில் போட்டேன்.

அவளிடம் காட்ட என்ன இருக்கிறது என்று நினைப்பாய். தெற்கு வரிசைக்குப் பதினொரு கூடை என்று உன் பதிவேடு சொல்கிறது. வந்தது பன்னிரண்டு. நாலாம் நாள் மாலை என் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து பிரஷ்ஷைப் பிடிக்க முடியவில்லை. கடைசிக் கூடையைச் சாக்குப் போட்டு மூடித் தொட்டிக்குப் பின்னால் தள்ளினேன். நீ போட்டோ அவசரத்தில் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தக் கூடை இன்னும் இருக்கிறது. மண்ணோடும் கரியோடும் இருக்கிறது. தோண்டிய ஆழத்தையும் தேதியையும் நீ உன் கையால் எழுதிக் கட்டிய சீட்டும் அதில் இருக்கிறது.

இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். நீ ஒரு நாள் வந்து கேட்பாய் என்று இருந்தேன். தேய்த்த கை என்னுடையதுதான், அதை அவளிடமும் மறைக்கப் போவதில்லை. தெரிந்தேதான் தேய்த்தேன். தம்பி கேட்கிறானே என்று தேய்த்தேன். இப்போதும் தம்பிதான் கேட்கிறான், ஆனால் இந்தத் தடவை முடியாது.

நீ கோபப்பட்டுக் கத்தலாம், ஆள் விட்டு மிரட்டலாம், கொட்டகைக்குப் பூட்டுப் போட உத்தரவு வாங்கலாம். கூடை இப்போது கொட்டகையில் இல்லை, என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது.

அவள் வருவது இருபதாம் தேதி. நீ பதினெட்டாம் தேதி என் வீட்டுக்கு வா. யாரையும் அனுப்பாமல் நீயே வா. சாக்கை நான் பிரிக்க மாட்டேன், நீ பிரி. நீ பார், நீ எழுது. நீ எழுதினால் அது திருத்தம், நான் சொன்னால் அது அம்பலம். முப்பது வருஷத்தில் பாதியாவது உன்னிடம் மிஞ்சும். மியூசியம் மிஞ்சுமா என்று எனக்குத் தெரியாது, அதற்கு நான் பொறுப்பில்லை.

பன்னிரண்டரை பஸ்ஸில் வந்தால் வெயில்தான், பரவாயில்லை. அன்றைக்கு நான் எங்கேயும் போகப் போவதில்லை. இருட்டும் வரை கதவைத் திறந்தே வைத்திருப்பேன்.

நன்றாக இரு.

அக்கா