ஆகஸ்டில் நான் வேலையை விடுகிறேனாம்

ஒரேத்தோ, பலெர்மோ
13.05.1999, வியாழன்

அன்பு மகன் றொனிக்கு,

அம்மா எழுதுவது. மடு மாதாவின் கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அமலினியும் குழந்தை யூலியானாவும் அப்படியே இருக்க அவளே துணை நிற்கட்டும். சுகம் கேட்டு எழுதுவது முறை, அதனால் கேட்டுவிட்டேன். இனி வருவது நீ விரும்பி வாசிக்கிற மாதிரி இருக்காது. இதை அமலினிக்கு வாசித்துக் காட்டாதே, பால் கொடுக்கிற பிள்ளை, அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அப்பாவுக்குச் சீனி குறைந்திருக்கிறது என்று டொக்டர் சொன்னார், அந்தச் சந்தோஷத்தில் மனிசன் இரண்டு நாளாகக் கேக் தின்கிறார்.

போன கிழமை செவ்வாய்க்கிழமை நான் வேலை வீட்டில், வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோராவின் குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன். ரெலிபோன் அடித்தது, சிஞ்ஞோராவே எடுத்தார். எண்பத்துநாலு வயது, காது மந்தம், நான் கத்திக் கதைத்தாலும் பாதிதான் விளங்கும், அன்றைக்கு மட்டும் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறது. மறுபக்கம் உன் சிநேகிதன் நகுலேஸ்வரன். இங்கே ஆறு வருஷம் கோப்பை கழுவிவிட்டு லண்டன் போனவனுக்கு இத்தாலியன் தெரியும் என்று அவனைப் பிடித்து, ராணி, அந்த வீட்டில் என் பெயர் அதுதான், ஆகஸ்டில் வேலையை விடுகிறார், மகன் லண்டனுக்குக் கூப்பிடுகிறார், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லவைத்திருக்கிறாய். நான் வேலையை விடப்போகிற செய்தியை நான் சிஞ்ஞோராவின் வாயால் அறிந்தேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, பதினொரு வருஷம் என்னைக் குளிப்பாட்டினாய், இதைச் சொல்ல மட்டும் உனக்கு வாய் வரவில்லையா என்று கேட்டார். எனக்கே தெரியாது என்று சொன்னால் நம்புவாரா? கத்தரிக்காய் கரியாய்ப் போனது. அன்றைக்கு அவர் ஒரு வாய் சாப்பிடவில்லை. பின்னேரமே மிலானில் இருக்கும் மகளுக்குச் சொல்லி, யோகினி என்ற மொரீசியஸ்காரியை ஆகஸ்ட் முதலாம் தேதிக்கு ஒழுங்கு செய்துவிட்டார்கள். பிறகு சிஞ்ஞோரா இரகசியமாக, நீ போகவில்லை என்று ஒரு சொல் சொல், அவளை வரவேண்டாம் என்கிறேன் என்று கேட்டார், அது வேறு கதை. நான் வேலையை விடுவதாகச் சொல்ல என்னைக் கேட்காமல் ஆள் வைத்தாயே, அதைக் கேட்கிறேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று உனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லையா?

அடுத்த நாள் உன் கடிதம் வந்தது. அப்பாவுக்கு வயசு போய் அறளை பேந்திட்டுது, அந்த ஓட்டை வாகனத்திலை ஊர் சுத்தப் போறன் எண்டு நிக்கிறார், நீங்கள் அதுக்குத் தலையாட்டாதேங்கோ, இஞ்சை வாங்கோ, ஆற்றையோ பிள்ளையளை வளர்த்தனீங்கள், என்ரை பிள்ளையை வளர்க்க ஏலாதோ என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை வாசித்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். நான் இங்கே யாருடைய பிள்ளையையும் வளர்க்கவில்லை றொனி. ஒரு கிழவியைத் தூக்கி இருத்தி, கழுவி, கால் நகம் வெட்டி, இரவில் மணி அடித்தால் எழும்பிப் போகிறேன். பதினொரு வருஷமாக அம்மா என்ன வேலை செய்கிறாள் என்றுகூட உனக்குத் தெரியவில்லை. பதினைந்து வயதில் உன்னைச் சறோஜா பெரியம்மாவிடம் விட்டுவிட்டு வந்தது இன்னும் குத்துகிறது என்றால், குத்துகிறது என்று நேரே எழுது, கேட்டுக்கொள்கிறேன். அதை வைத்து என்னிடம் வட்டி வசூலிக்காதே. நான் எப்போது வேலையை விட வேண்டும் என்பதற்கு ஆளுக்கொரு நாள் வைத்திருக்கிறீர்கள். நான் கண் மூடும்வரை இரு என்கிறார் சிஞ்ஞோரா. ஈஸ்டர் முடியட்டும் என்றார் உன் அப்பா. ஆகஸ்ட் என்கிறாய் நீ. என்னிடம் ஒரு நாள் இருக்குமோ என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இதைக் கேட்டு நான் அப்பாவின் பக்கம் என்று நினைக்காதே. அந்த மனிசனோடும் ஆறு மாதமாகச் சண்டைதான். மொண்டெல்லோ வில்லாவில் தோட்டம் பார்க்கிறவருக்கு முதலாளி தன் பழைய கம்பெரைத் தள்ளிவிட்டார். கம்பெர் என்றால் படுக்கையும் அடுப்பும் கக்கூசும் உள்ளே வைத்த வான் வண்டி. எலுமிச்சை மரத்துக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்ததை பின்னேரம் பின்னேரமாய்க் கழற்றிப் பூட்டி, முன்னுக்கு மாதா படமும் ஒட்டி, விமலா, இனிக் காணும், ஐம்பத்துநாலு வயசாச்சு, ஏலுமான காலத்திலை ஊர் உலகத்தைப் பாப்பம், நீர் ஓம் எண்டு சொல்லும் என்று ஒரே பல்லவி. எனக்கு இருந்த பயத்தை உனக்குச் சொல்கிறேன். அவர் அங்கே, நான் சிஞ்ஞோரா வீட்டில், வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் இந்த ஒரேத்தோ அறையில் புருஷன் பெண்சாதி. பதினொரு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு புதன்கிழமையைச் சேர்ந்து கழித்ததில்லை. வியாழக்கிழமை வருகிற மனிசன் முகம் வழித்து, சட்டை மாற்றி, கையில் எலுமிச்சம்பழத்தோடு சிரித்துக்கொண்டு வருவார். திங்கட்கிழமை அவர் எப்படி என்று எனக்குத் தெரியாது. தெரியாத மனிசனோடு ஒரு வானுக்குள் எப்படிக் குடித்தனம் செய்வது?

சித்திரையில் ஒரு வியாழன் ஓட்டிப் பார்க்கலாம் என்று பகேரியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெரிய ரோட்டை விட்டுவிட்டு, கெட்டிக்காரன், குறுக்கு வழியில் விட்டார். பழைய வில்லா மதில்கள் இரண்டுக்கும் நடுவே வான் இறுகிப்போய் நின்றது, பின்னால் பஸ், பஸ் நிறையச் சனம். நீர் இறங்கிப் பின்னுக்குப் பாரும் என்றார். நான் வரலாம் வரலாம் என்றேன், அவர் வந்தார், மதிலும் வந்தது. பஸ்காரன் இறங்கி எங்கள் பரம்பரையையே இழுத்துப் பேசினான். சிஞ்ஞோராவிடம் படித்த சிசிலியன் பேச்சில் நான் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்தேன், அவன் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போய் ஏறிக்கொண்டான். பிறகு கடற்கரையில் நிறுத்தினோம். கோபத்தில் கதைக்காமல் படுத்தவள் நித்திரையாகிவிட்டேன். மணி அடிக்கவில்லை, ஒருவரும் ராணி என்று கூப்பிடவில்லை. எழும்பிப் பார்த்தால் உன் அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சாளை மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். உப்புக் கரித்தது. அதைச் சொன்னதும் முகத்தை ஒரு முழத்துக்கு நீட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தார். ஆ, திங்கட்கிழமை மனிசன் இதுதானாக்கும் என்று நினைத்தேன். அன்றைக்கும் ஏலாது என்றுதான் சொன்னேன். கூரை ஒழுகுகிறது, கக்கூஸ் கதவு பூட்டாது, எனக்குப் பைத்தியமில்லை என்றேன்.

இன்று ஓம் என்று சொல்லிவிட்டேன். நீதான் சொல்லவைத்தாய். பிறந்ததிலிருந்து இப்போதுதான் உன் அப்பாவுக்கு ஒரு உதவி செய்திருக்கிறாய். நேற்று சிஞ்ஞோராவிடமும் நேரே சொன்னேன். ஆகஸ்ட் இல்லை, ஜூன் இருபத்துநாலு, அது நான் வைத்த நாள். எங்கே போகிறாய் என்றார், கம்பெர் என்றேன், இருமல் வரும்வரை சிரித்தார், பிறகு அதில் குளிக்க இடம் இருக்கிறதா என்று கேட்டார், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி கெட்டவளே என்று அழுதார். நானும் அழுதேன். யோகினி ஜூனிலேயே வர ஒத்துக்கொண்டாள், எந்தக் காலுக்கு எந்தச் செருப்பு என்பதுவரை அவளுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். இங்கே இருக்கத் தந்த அனுமதி, பெர்மெஸ்ஸோ, போய்விடும் என்று பயமுறுத்தியிருக்கிறாய், மாசியில்தான் பொலிஸ் கந்தோரில், குவெஸ்துராவில், புதுப்பித்தோம், இன்னும் காலம் இருக்கிறது. குளிர்காலத்தில் பூட்டிக் கிடக்கும் வில்லாவைக் காவல் காக்க அப்பாவைத் திரும்ப எடுப்பதாக முதலாளி சொல்லியிருக்கிறார், வானைத் தோட்டத்தில் விட்டுக்கொண்டு இருப்போம். நீ நினைக்கிற மாதிரி நாங்கள் தெருவில் நிற்க மாட்டோம், நின்றாலும் உன் வாசலில் நிற்க மாட்டோம்.

குழந்தைக்குத் தினமும் தலைக்கு வார்க்காதே, அந்த ஊர்க் குளிருக்குச் சளி பிடிக்கும். அமலினி பூண்டு நிறையச் சாப்பிடட்டும். அவள் வேலைக்குப் போனால் பிள்ளை பார்க்க ஆள் பிடி, பிடித்த ஆளை மரியாதையாக நடத்து, அவளும் எங்கோ ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வந்தவளாக இருப்பாள். நீ அனுப்பிய படத்தில் யூலியானாவுக்கு என் நெற்றி. பார்த்துப் பார்த்துப் படத்தின் ஓரம் மடங்கிவிட்டது. அம்மா, வந்து உங்கள் பேத்தியைத் தூக்குங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் நடந்தே வந்திருப்பேன். நீ வேலைக்கு அல்லவா ஆள் கூப்பிட்டாய்.

விசாவுக்கென்று நீ அனுப்பிய காகிதங்களை இதோடு திருப்பி அனுப்புகிறேன். இந்தப் பெர்மெஸ்ஸோவோடு பிரான்ஸ் முழுக்க எங்களை இப்போது ஒருவரும் மறிக்க மாட்டார்கள், கடலுக்கு அந்தப் பக்கம்தான் விசா கேட்பார்கள். லூர்து மாதாவைக் கும்பிட்டு, பாரிசில் மிளகாய்த்தூள் வாங்கிக்கொண்டு, ஆவணி மாதா திருநாளன்று, ஆகஸ்ட் பதினைந்து ஞாயிறு, பிரான்சின் கரையில், கலேயில், உங்கள் லண்டன் கப்பல் வந்து நிற்கிற இடத்தில் வானை நிறுத்துவோம். மூன்று நாள் நிற்போம். உனக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது, போன வருஷம் படம் எடுத்தெல்லாம் அனுப்பினாய், அதை ஒரு தடவை அம்மாவைப் பார்க்கப் பாவித்துக்கொள். தரை முடிகிற இடம்வரை நான் வருகிறேன், கடலை நீ கடந்து வா. வராவிட்டால் நாலாம் நாள் வானைத் திருப்பிக்கொண்டு போய்விடுவோம், உன் மேல் எனக்கு இருக்கும் கோபத்தையும் ஏற்றிக்கொண்டுதான் போவேன், அதை வைக்க இடம் இருக்கிறது.

மாதாவும் அந்தோனியாரும் உங்கள் மூன்று பேரையும் காத்துக்கொள்ளட்டும். குழந்தையின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு. பிள்ளைக்குப் பாஸ்போர்ட் வர நாள் செல்லுமாம், நாளைக்கே எழுதிப் போடு.

கோபம் ஆறாத
உன் அம்மா
ஏ. விமலராணி