முதல் லென்ஸா, இரண்டாவதா

ஏப்ரல் 29

இன்று மூன்று பேருக்குக் கண்ணாடி மாட்டினேன். நான்காவது வேலையாக உலகத்தை வென்றேன். அக்கா மகளுக்குப் பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது!

பதினான்கு வயதில் என் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்து, சிறுவர் ஃபிரேம்களையெல்லாம் மேல்தட்டிலிருந்து இறக்கி, சிறுவர்களின் கண் உயரத்தில் அடுக்கியவள். அதுவரை பிள்ளைகள் கண்ணாடி வேண்டாமென்று அழுவார்கள். அன்றிலிருந்து வேண்டுமென்று அழுகிறார்கள். அன்றே அவளுக்கு ‘அமைச்சர்’ பட்டம் கொடுத்தேன். அவள் படிக்க நினைப்பது வணிக நிர்வாகம் மட்டும்தான்.

பக்கத்துத் தையல்காரரிடம் சொன்னேன். மருந்துக்கடைக்காரரிடம் சொன்னேன். கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்த பெரியவரிடம், அவர் அசைய முடியாத நேரம் பார்த்து, முழுசாகச் சொன்னேன். “வணிக நிர்வாகம். லட்சம் பேர் போட்டி. முதல் பேரே இவளுதுதான்.” லட்சம் எங்கிருந்து வந்தது? தெரியாது. வாயில் இருந்தது, வந்துவிட்டது.

மே 1

கடிதத்தை இன்றுதான் படித்தேன். இதுவரை எல்லோருக்கும் உறையைத்தான் காட்டியிருக்கிறேன்.

இடம் பல்கலைக்கழகத்தில்தான். வணிகத் துறையில் இல்லை. முதல் வருடம் பொதுப்பாடம். முடிவில் நானூறு பேர் வணிகத்துக்கு விண்ணப்பிப்பார்கள். தொண்ணூறு பேரை எடுப்பார்கள். மிச்சப் பேர் எந்தத் துறையில் காலியிடமோ அங்கே.

இன்னொரு கடிதமும் இருக்கிறது. பேருந்தில் நான்கு மணி நேரம் போனால் ஒரு சின்னப் பல்கலைக்கழகம். ஒரே கட்டடம், அதிலும் பாதிக்குச் சாரம் கட்டியிருக்கிறது. ஆனால் முதல் நாளிலிருந்தே வணிக நிர்வாகம், உறுதி.

மே 15, மாலை ஐந்து மணிக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

“அந்தத் தொண்ணூறுல நீ இல்லாமலா போயிடுவ?” என்றேன்.

“முந்நூத்திப் பத்து பேர் இல்லாமத்தான் மாமா போவாங்க.”

மே 5

சரியாகச் சாப்பிடுவதில்லையாம். தலைவலியாம். முடிவு சொல்ல இன்னும் பத்து நாள்.

மே 8

மாத்திரை வாங்கப் போனவளிடம் மருந்துக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார்: “மொத்தமே பத்து சீட்டாமே, மொத சீட்டு உனக்காமே!” மாத்திரை வாங்காமலே திரும்பி வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

பத்து? நான் பத்து என்று சொல்லவேயில்லையே.

அக்கா கடைக்கே வந்துவிட்டாள். “டேய், தெரு பூரா என்னடா சொல்லி வச்சிருக்க? இனி அவ சின்னதுக்குப் போனா, பெரிய இடத்துல துரத்திட்டாங்கன்னுதானே பேசுவாங்க?”

விளையாட்டாகத்தான் சொன்னேன். விளையாட்டாகத்தானே?

மே 9

அமைச்சரின் அறிவிப்பு: பெரியதற்கே போகிறாளாம். ‘நிம்மதி’ என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

மே 12

தலைவலி விடவில்லை. கடைக்கு வரச்சொல்லிக் கண்ணைப் பார்த்தேன். சோதனை ஃபிரேமை மாட்டி, எழுத்துப் பலகையைக் காட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டேன். “மொதல்ல போட்டது தெளிவா, ரெண்டாவதா?”

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவர் பார்த்துச் சொல்கிறாரா, சும்மா சொல்கிறாரா என்று தெரிந்துகொள்ள, நடுவில் ஒருமுறை ஒரே லென்ஸையே எடுத்துவிட்டு மறுபடி போடுவோம். பார்த்துச் சொல்பவர், ரெண்டும் ஒண்ணுதானே என்பார்.

“ரெண்டாவது” என்றாள்.

மறுபடியும் அதே லென்ஸ்.

“ரெண்டாவதுதான் மாமா.”

“ரெண்டும் ஒரே லென்ஸ்மா.”

ஃபிரேமைக் கழற்றாமலே சொன்னாள்: “ரெண்டாவதுன்னு கேக்கும்போது உங்க குரல் ஏறுது. அதுதான் சரியாயிருக்கும்போலன்னு சொன்னேன்.”

இருபத்தாறு வருடம்! இந்தக் குரலை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்குப் பவர் எழுதியிருப்பேன்? பாதி ஜனம் என் குரலைத்தான் மூக்கில் மாட்டிக்கொண்டு திரிகிறதா? சிரிக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

“பெரிய பல்கலைக்கழகமும் அப்படிச் சொன்னதுதானா?”

தலையாட்டினாள். ஃபிரேம் மூக்கிலிருந்து நழுவியது.

கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு நான்.

மே 13

கடையைப் பூட்டிவிட்டு ஒவ்வொரு வாசலாக ஏறினேன்.

“நான் சொன்னது பொய். வணிகத் துறையில இன்னும் இடம் கிடைக்கல.”

“எவ்வளவு பொய்?” என்றார் தையல்காரர்.

“லட்சமும் பொய்.”

மருந்துக்கடைக்காரர்: “அப்ப அந்தப் பத்து சீட்டு?”

“அது உங்க பொய்.”

பெரியவர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. “நான் அன்னிக்கே நம்பலப்பா. கண்ணாடியாச்சும் ஒழுங்கா எழுதினியா?” கடைக்குக் கூட்டிவந்து மறுபடி பரிசோதித்தேன், குரலைத் தரையோடு தரையாக வைத்துக்கொண்டு. கால் பவர் மாறியது. ஐயோ.

மே 14

அவளிடம் ‘எது?’ என்று நாற்பது தடவை கேட்க வாயெடுத்து, நாற்பது தடவையும் கேட்கவில்லை. உலக சாதனை. பார்க்கத்தான் ஆளில்லை.

மே 15

நாலே முக்கால். கடைக் கணினி முன்னால் உட்கார்ந்தாள். என்னையும் அக்காவையும் வெளியே போகச் சொன்னாள்.

“ஒரு ஓரமா நிக்கிறேனே?”

“நீங்க மூச்சு விடறதுலயே எனக்குப் பதில் கேக்குது மாமா. போங்க.”

தெருவில் நின்றோம். அக்கா புடவைத் தலைப்பை முறுக்கினாள், பிரித்தாள், முறுக்கினாள். தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டார். நாலு ஐம்பது. ஐம்பத்து மூன்று. கணினி படுத்துவிட்டதோ? போய்ப் பார்க்கலாமா? கூடாது. ஐம்பத்தாறில் கதவு திறந்தது.

“சின்னது” என்றாள்.

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்தாள். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல், திறந்த கதவு வழியாக எழுத்துப் பலகையைப் பார்த்தேன்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கவா?”

“கேளுங்க.”

“தலைவலி?”

யோசித்தாள். என் குரலைப் பார்த்து அல்ல, நிஜமாகவே யோசித்தாள். “இல்ல மாமா.”

ஆகஸ்ட் 24

அவளைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்து கடை திறந்தேன். சாயங்காலம் அவளிடமிருந்து போன். சாரத்தைப் பிரித்துவிட்டார்களாம். எத்தனை மாடி என்று கேட்டேன். இரண்டு என்றாள்.

தையல்காரர் எட்டிப்பார்த்து, “எத்தனை மாடியாம்?” என்றார்.

“ரெண்டு” என்றேன்.