பர்மா கிண்ணத்தில் உன் பேர்

செஞ்சி
மாசி 3, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் பீமாராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அயர்லாந்தில் நீயும் சுவாதியும் குழந்தை நிலாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நைனாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்குது, ஆனால் டாக்டர் நடக்கச் சொன்ன நடையை டீக்கடை வரைக்கும்தான் நடக்கிறார், அங்கே போய் இன்னா குடிக்கிறார் என்று எனக்குத் தெரியும். கோட்டை பார்க்க வருகிற கூட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் நமக்கு நிற்கக்கூட இடமில்லை. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்பாய், குழந்தை அழுகிறது என்பாய். காகிதத்தில் கேட்டால் கடைசி வரைக்கும் நீ படித்துத்தான் ஆகணும்.

விஷயம் இதுதான். பொங்கல் முடிந்த வாரம் சென்னையிலிருந்து கோதண்டராமன் என்று ஒருவர் காரில் வந்தார். பழைய சாமான் வாங்கி வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கிறவராம். கோட்டை பார்க்க வந்தேன், உங்களிடம் பழைய வெள்ளியும் பீங்கானும் இருப்பதாக ஊரில் சொன்னார்கள் என்றார். யார் சொன்னது என்று கேட்டேன், பேர் ஞாபகமில்லையாம். நான் எவர்சில்வர் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மேல்சித்தாமூரிலிருந்து புதுச்சேரி வரைக்கும் தெருத்தெருவாகப் போய், புதுசைக் கொடுத்துப் பழசை வாங்கி வந்தது ஊருக்கே தெரியும். ஆனால் அதில் எதை உருக்கக் கொடுத்தேன், எதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன் என்பது நம் மூன்று பேருக்குத்தான் தெரியும். ரங்கூனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தின் வெள்ளிக் கிண்ணம், புதுச்சேரி பிரெஞ்சு வீட்டுப் பீங்கான் சூப் பாத்திரம், சதுரங்கப்பட்டினத்தில் கிடைத்த டச்சுக்காரன் புகையிலை டப்பா, இங்கிலீஷ் டீ கெட்டில், நீலப் பூப் போட்ட சீனத் தட்டுகள், இதையெல்லாம் நான் வெளியாள் ஒருவருக்கும் காட்டியதில்லை. வந்தவர் உட்காருவதற்கு முன்னாலேயே, பர்மா கிண்ணம் பீரோ மேலேயா இருக்கு என்று நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு பையிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டினார். எங்க வீட்டு சாமானைத் தொட உங்களுக்குக் கையுறை கேக்குதா என்று நேராகவே கேட்டேன். ஐயோ அப்படியில்லம்மா, வேர்வை பட்டா வெள்ளி கறுத்துடும் என்றார். இத்தனை வருஷம் என் கை பட்டுக் கறுக்காதது இவர் கை பட்டால் கறுக்குமாம். சரி, பார்த்துவிடலாம் என்று டீ போட்டுக் கொடுத்தேன். குடித்தார், இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார். அதில்தான் என் சந்தேகம் அதிகமாயிற்று, காரியம் இல்லாமல் ஒரு ஆள் இவ்வளவு இணக்கமாக இருக்கமாட்டார். உன் நைனா என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு, குடிக்கலன்னாலும் திட்டுவே, குடிச்சாலும் திட்டறே, அந்த ஆளு இன்னாதான் செய்வாரு என்றார். அவர் எப்போதும் வந்தவர்கள் பக்கம்தான். அந்த மனுஷன் ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தார், டேப் வைத்து அளந்தார். வாங்க வந்தவருக்கு உயரமும் அகலமும் எதற்கு? அதே அளவில் ஒன்று செய்து, நான் அசந்த நேரத்தில் மாற்றி வைக்கத்தான். கிளம்பும்போது கிண்ணத்தைச் சென்னைக்கு எடுத்துப்போய் ஒருவரிடம் காட்டிவிட்டுத் தருகிறேன் என்றார். தரமுடியாது என்றேன். அடுத்த வாரம் வருகிறேன் என்று போனார்.

நம் தெருவில் கல்யாணம், காதுகுத்து என்று இரவல் போகிற பாத்திரம் எப்படி வீடு திரும்புகிறது? பேர் வெட்டியிருப்பதால் திரும்புகிறது. பேர் இல்லாத சொம்பை யார் வேண்டுமானாலும் என்னுது என்று எடுத்துப்போகலாம். மறுநாளே எல்லாவற்றையும் பழைய புடவையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி, பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிற பாண்டுரங்கனிடம் கொண்டுபோனேன். அவனே தயங்கினான். அக்கா, இது மியூசியத்துல வைக்கிற மாதிரி இருக்குது, நிஜமாத்தான் சொல்றியா என்றான். வெட்டுடா, எழுத்து பெரிசா இருக்கட்டும் என்றேன். கிண்ணத்தின் வெளிப்பக்கம், டப்பா மூடியில், கெட்டிலின் வயிற்றில், பீமாராவ், செஞ்சி என்று வெட்டிக் கொடுத்தான். பீங்கானில் மிஷின் வைத்தால் உடையும் என்றதால் அதற்கெல்லாம் அடியில் நானே சிவப்புப் பெயிண்டில் எழுதினேன்.

மறுபடி வந்த கோதண்டராமன் கிண்ணத்தைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துவிட்டார். இனிமே இது எடைக்குத்தாம்மா போகும் என்றார். அந்த கெட்டிலில் ஏற்கெனவே இங்கிலீஷ் எழுத்து பின்னிப் பின்னி வெட்டியிருக்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். முதல் நாள் அதைத்தான் காட்டி, யாரோ துரை வீட்டு எழுத்து, இதனால்தான் மதிப்பு என்று சொன்னவர் அவர். வெள்ளைக்காரன் பேர் இருந்தா விலை ஏறும், என் புள்ள பேர் இருந்தா இறங்குமா என்று கேட்டேன். அது பழசும்மா, இது புதுசு என்றார். இதுவும் பழசாகும், இருந்து பாருங்க என்றேன். அதுவரைக்கும் நான் இருக்கமாட்டேனே என்று சிரித்துவிட்டுக் காரில் ஏறினார்.

அன்று சாயங்காலமே நீ போன் செய்தாய். எடுத்ததும், இன்னாம்மா பண்ணி வெச்சிருக்கே என்றாய். நான் உனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் நைனாவுக்கு உன் நம்பரைப் போடவே தெரியாது. பின்னே யார் சொன்னது? அங்கே வீடு வாங்கப்போவதாக முன்னமே சொன்னவன் நீ. என்னிடம் கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன், அது தெரிந்துதான் நீ கேட்கவில்லை. அந்தப் புதுச்சேரி வீட்டில் என்னைப் பின்வாசலில் நிற்கவைத்துத்தான் பாத்திரம் மாற்றினார்கள், உள்ளே வா என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர்கள் மேஜையில் இருந்தது நம் வீட்டுக்கு வந்திருக்குது. அதை நீ மறுபடியும் அப்படி ஒரு மேஜைக்கே அனுப்பப் பார்க்கிறாய்.

நீயும் அந்த ஆளும் உன் நைனாவும் சேர்ந்து சொன்னாலும் நான் செய்தது தப்பு என்று ஒத்துக்கொள்ளமாட்டேன். எனக்குப் பிறகு எல்லாம் உனக்குத்தான், விற்பதானால் விற்றுக்கொள். ஆனால் பேரைத் தேய்த்து எடுத்தால்தான் யாராவது கையில் வாங்கிப் பார்ப்பார்களாம். அந்த வேலையைப் பாண்டுரங்கனிடம் கொடுக்காதே. நீயே உட்கார்ந்து உன் கையால் தேய்.

சுவாதிக்கு இதில் பங்கில்லை என்று நினைக்கிறேன், இருந்தால் அவளும் இதைப் படிக்கட்டும். குழந்தைக்கு என் முத்தம். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், நாலு பேர் மதிக்க நன்றாக இருக்கணும். அந்த ஆளை நீ அனுப்பினாயா இல்லையா, அதை மட்டும் போனில் சொல்லாமல் உன் கையெழுத்தில் எழுதி அனுப்பு.

இப்படிக்கு
உன் அம்மா
க. மீனம்பாள்