லக்னோவில் எடுத்த பூ

தோட்டத்து வீடு,
நிலக்கோட்டை.
27-7-1957

சிரஞ்சீவி மகன் மொக்கைச்சாமிக்கு, உன்னைப் பெற்ற அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் தங்கை முத்துப்பேச்சியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகள் சண்முகவள்ளியும் அப்படியே இருக்க வேண்டும். உடம்பைப் பற்றித்தான் சொன்னேன், மனசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கவரின் மேல் எம். சாமி என்று எழுதாமல் முழுப் பேரையும் எழுதியிருக்கிறேன், உன் ஆபீஸ் பியூன் வாசித்துச் சிரித்தால் சிரிக்கட்டும், குலசாமி பேர் அது, நான் வைத்தது. ஆடிக் காற்றில் தோட்டத்துக் கொட்டகைக் கீற்று ரெண்டு பறந்துவிட்டது, செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. முத்துப்பேச்சி கல்யாணம் ஆவணி பத்தொன்பது என்று முடிவாகிவிட்டது.

போன வாரம் உன் கடிதம் வந்தது. லக்னோ உங்களுக்குப் பிடித்ததா, ஐப்பசியில் மறுபடியும் வாருங்கள், அங்கிருந்து காசிக்குக் கூட்டிப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். பிடித்ததா என்று ரெண்டு மாதம் கழித்துக் கேட்கிறாயே, கேட்டதற்குச் சொல்கிறேன். திண்டுக்கல்லில் ஏறி மூன்று நாள் கரியும் புகையும் தின்று வந்து இறங்கிய எங்களை ஸ்டேஷனில் பார்த்ததும் நீ முதலில் கேட்டது சாப்பிட்டீர்களா என்று அல்ல, "வேற நல்ல சேலை கொண்டாரலையாம்மா" என்று. அதையும் பொறுத்துக்கொண்டேன். கறியை மெத்துமெத்தென்று அரைத்துச் சுட்டு வைத்து, நவாபு தின்றது, தின்னுங்கள் என்றாய், பல் விழுந்தவனுக்குச் செய்த பண்டம் அது, எனக்குப் பல் இருக்கிறது. திண்டுக்கல் பேகம்பூரில் நர்கீஸ் மகள் கல்யாணத்தில் தின்ற பிரியாணிக்கு முன்னால் உங்கள் ஊர்ப் பிரியாணி வெறும் வாசனைச் சோறு, காரம் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாதுபோல. இமாம்பாடா என்று ஒரு மண்டபம் காட்டினாய், அது மட்டும் பெரிதுதான், இல்லையென்று சொன்னால் என் வாய் அழுகிப் போகும். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் அம்புட்டு அகலத்துக்குக் கூரை நிற்கிறது. அந்த மூலையில் ஒருவன் காகிதத்தைக் கிழித்தான், இந்த மூலையில் நின்ற உன் அப்பாவுக்குக் கேட்டது, "இன்னொரு தரம் கிழிக்கச் சொல்லுப்பா" என்று நாலு தரம் கேட்டுவிட்டார். கூட வந்த உன் ஆபீசரையும் அவர் சம்சாரத்தையும் பார்த்து நீ ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்தாய். அதையும் பார்த்தேன், பார்க்காததுபோல இருந்தேன்.

இனி அந்தக் கடைவீதிக்கு வருகிறேன். சௌக் என்று சொன்னாய். நீயும் சண்முகவள்ளியும் ஆபீசரும் அவர் சம்சாரமும் சேலைக் கடைக்குள் போனீர்கள், உன் அப்பா எதிர்ப்பக்கம் ஜிலேபி சுற்றுகிறவனை வேடிக்கை பார்க்கப் போனார், நான் கடை வாசலில் நின்றேன். கண்ணில் படும் முன்னே மூக்குக்குத் தெரிந்துவிட்டது, மல்லிகை. தோட்டம் முழுக்க மல்லிகை வைத்திருக்கிறவள், ரயிலேறிய நாளிலிருந்து ஆறு நாளாக வெறுங்கொண்டையோடு திரிந்தேன். ஒருவன் தட்டில் சரம் சரமாக வைத்துக் கூவிக்கொண்டு வந்தான். உன் அப்பா ஓடிவந்து ரெண்டு சரம் வாங்கி ஒன்றை என்னிடம் கொடுத்தார், அங்கேயே தலையில் வைத்துக்கொண்டேன். அந்த ஊர் ஆம்பிளைகள் மணிக்கட்டில் பூச்சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்துத் தானும் மற்றதைக் கையில் சுற்றிக்கொண்டு, "மாப்பிள்ளை மாதிரி இருக்கேனா" என்று கேட்டுவிட்டு மறுபடி ஜிலேபிக்காரனிடம் போனார். அப்போதுதான் நீ வெளியே வந்தாய். உன் ஆபீசர் சம்சாரம் என் தலையைப் பார்த்து முந்தானையால் வாயை மூடினாள். நீ என் காதோரம் வந்து, "பூவ எடும்மா மொதல்ல, இந்தத் தெருவுல இந்தப் பூவ ஆட்டக்காரிகதான் வைப்பாளுக" என்றாய். அந்தத் தெரு வழக்கம் எனக்குத் தெரியாது, என் தப்புத்தான். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியுமா தெரியாதா? தாலி கட்டின மனுஷன் பத்தடி தூரத்தில் உயிரோடு நிற்கிறார். சுமங்கலி தலைப் பூவை எடு என்று எப்போதுடா சொல்வார்கள், யார் செத்துக் கிடந்தால் சொல்வார்கள்? அந்தச் சொல்லை என் வயிற்றில் பிறந்தவன் சொன்னான். எடுத்தேன், நீ பிடுங்கிச் சாக்கடையில் போட்டாய். உன் அப்பா வந்து "பூவு எங்க" என்றார். கூட்டத்தில் இடிபட்டு விழுந்துவிட்டது என்று பொய் சொன்னேன். உடனே தன் கையில் இருந்ததை அவிழ்த்து "இந்தா, இத வையி" என்று நீட்டினார். வைக்கவும் முடியாமல் வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராமல் மடியில் முடிந்துகொண்டேன். நீ பார்த்துக்கொண்டுதான் நின்றாய்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்து எனக்கென்று ஒரு சேலை கொடுத்தாய். வெள்ளைச் சேலை, வெள்ளை மேலே வெள்ளை நூலால் பூப்போட்டது, இந்த ஊரிலேயே பேர்போன சாமான் இதுதான் என்றாய். பூவை எடுக்கச் சொன்ன அதே நாளில் வெள்ளைச் சேலையும் கொடுத்தாய், நெற்றிப் பொட்டை அழிக்கவில்லை, அது ஒன்றுதான் பாக்கி. நாங்கள் ரயிலேறும்போது சண்முகவள்ளி என் நெற்றியில் குங்குமம் வைத்தாளே, ஏன் வைத்தாள் என்றாவது யோசித்தாயா? வேடசந்தூரில் பிறந்தவளுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லை. அந்தச் சேலை என்ன ஆயிற்று என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நாலாகக் கிழித்துப் பூக்கூடைக்கு ஈரத்துணியாகப் போட்டிருக்கிறேன். தினம் காலையில் உன் லக்னோ சேலை மார்க்கெட்டுக்குப் போய்வருகிறது. "என்னக்கா, கூடைக்கு இம்புட்டு ஒசத்தித் துணி" என்று பூக்கடைப் பவுல்ராஜ் கேட்டார், எம் மகன் வாங்கிக் கொடுத்தது என்றேன்.

இது எதையும் நான் உன் அப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்கு எழுத்து தெரியாது, உன் கடிதம் வந்தால் நான்தான் சத்தமாக வாசிப்பேன் என்பது உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அன்று கடைவீதியில் பூவை எடுக்கச் சொன்னதை அம்மா மனசில் வைக்க வேண்டாம் என்று போகிற போக்கில் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். என் புத்திக்கு எட்டும் முன்னே வாய் முந்தி அதையும் வாசித்துவிட்டது. லக்னோக் கூட்டத்தில் எம் பொண்டாட்டி பூவையே தட்டிவிட்டுட்டாங்ய என்று ரெண்டு மாதமாக ஊர் முழுக்கச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி வந்த மனுஷன், "அப்ப அது கூட்டத்துல விழுகலையா" என்று கேட்டார். அவ்வளவுதான். தட்டில் சோற்றை அப்படியே வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். நீ என் காதில் ரகசியமாகத்தான் சொன்னாய். அந்த மண்டபத்துக் காகிதம் மாதிரி அது இந்த மூலையில் இருந்த உன் அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. சாயங்காலம் துண்டு நிறைய மொட்டோடு வந்து, முத்துப்பேச்சியைக் கட்டச் சொல்லி, கட்டி முடித்ததும் என்னைப் பார்த்துத் "திரும்பு" என்றார். முப்பது வருஷத்தில் ஒருநாளும் என் தலையில் பூ வைத்தவர் இல்லை, கல்யாணத்துக்கு நிற்கிற மகள் முன்னால் வைத்தார். வைக்கத் தெரியவில்லை, கொண்டை ஊசி காதில் குத்தியது, நான் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் சொன்னார், "மாப்பிள்ளைக்கு மச்சான் மாலைய சோலைமலை போடட்டும்." கூடப் பிறந்தவன் நீ இருக்க, உன் பெரியப்பா மகன் சோலைமலை மாலை போடுவான். காசிக்கும் வரவில்லை என்று எழுதச் சொன்னார். காசி காசி என்று எத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவர் என்று உனக்கே தெரியும்.

அவர் சொன்னதை எழுதிவிட்டேன், இனி நான் சொல்வதைக் கேள். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் வந்து சேர். லீவு இல்லை, ஆபீசர் விடவில்லை என்று எழுதாதே. வந்து, செருப்பைக் கழற்றும் முன்னே, உன் அப்பாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து "பூ வச்சுக்கம்மா" என்று சொல். மன்னிப்பு என்று எதுவும் எனக்கு வேண்டாம், அந்தச் சொல்தான் வேண்டும். காதில் சொல்லாதே, தெருவுக்கே கேட்கச் சொல். சொன்னால் மாலையைப் பற்றி அவரிடம் நான் பேசுகிறேன். வாய் வரவில்லை என்றால் விருந்தாளி மாதிரி பந்தியில் சாப்பிட்டுவிட்டு ரயிலேறு, ஒருவரும் உன்னை ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

சண்முகவள்ளி நெடுநாள் பூவும் பொட்டுமாக இருக்க வேண்டும், என் ஆசீர்வாதத்தை அவளிடம் சொல். அதற்கு நீ நன்றாக இருந்துதானே ஆக வேண்டும், ஆகையால் நீயும் நன்றாக இரு. தங்கைக்கு ஏதாவது வாங்கி வருவதானால் வெள்ளையில் வாங்காதே.

இப்படிக்கு,
தலை நிறையப் பூவோடு இருக்கும் உன் அம்மா,
ராமுத்தாய்